நாலு மாத வாடகையும் பன்னிரண்டு மாத வீடும்

சென்ற மாதம் ஒரு மாலை, கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னோடு ஒரே ஆபீசில் இருபது வருஷம் குப்பை கொட்டிய நண்பர் தன் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். பெரிய முதலியார்சாவடியில் ஒரு வீடு விலைக்கு வருகிறதாம். எழுபது லட்சம். வாங்கி, ஆரோவில்லுக்கும் கடற்கரைக்கும் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறானாம். போனில் கணக்கைக் காட்டினான். ஒரு நாளைக்கு மூவாயிரம், மாதம் தொண்ணூறாயிரம், அதைப் பன்னிரண்டால் பெருக்கி வைத்திருந்தான்.

"அங்கிள், நீங்க அந்தப் பக்கம் வீடு வச்சிருக்கீங்களாமே, என்ன சொல்றீங்க?" என்று கேட்டான்.

அந்த நேரத்தில் கொசுக்கடியில் என்ன சொல்வது? எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அதுதான் இந்தப் பதிவு. பையனுக்காக ஆரம்பித்தது, வழக்கம்போல் என் ஆயா காலத்துக்குப் போய்விட்டது.

வந்துபோகிறவர்களுக்கு வீடு விடுவது பாண்டிச்சேரிக்குப் புதிதில்லை. இந்த ஊரின் பெயர் பெற்ற குடித்தனக்காரர்கள் எல்லாருமே வெளியூர்க்காரர்கள்தான். 1908-ல் பாரதியார் வந்தார், 1910 ஏப்ரல் 4-ஆம் தேதி அரவிந்தர் வந்தார், பிறகு வ.வே.சு. ஐயர். பிரிட்டிஷ் போலீசுக்குப் பயந்து வந்தவர்களுக்கு வீடு கொடுக்கவும் இங்கே ஆள் இருந்தது. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியாருக்கு வீடு கொடுத்த விளக்கெண்ணெய்ச் செட்டியார், வாடகை கேட்க வந்து பாட்டைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பிப் போவார் என்று படித்திருப்பீர்கள். அப்படிப்பட்ட வீட்டுக்காரரை அதற்குப் பிறகு இந்த ஊர் பார்க்கவில்லை. நானும் அந்த ரகம் இல்லை என்பது போகப் போகத் தெரியும்.

ஆனால் 'சீசன்' என்ற ஒன்றை இங்கே உண்டாக்கியது ஆசிரமம். 1926-ல் ஆசிரமம் ஏற்பட்ட பிறகு, தரிசன நாட்கள் என்று வருஷத்தில் சில தேதிகள் நிலைத்தன: பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24. அந்தத் தேதிகளை ஒட்டி வங்காளம், குஜராத், ஒரிசா என்று எங்கிருந்தெல்லாமோ வந்து இறங்குவார்கள். ஆசிரமத்து விடுதிகள் நிரம்பிய பிறகு, புல்வாரைத் தாண்டி எங்கள் முத்தியால்பேட்டை வரைக்கும் இடம் தேடி வருவார்கள்.

முத்தியால்பேட்டை அப்போது புறநகர்தான். தறிச் சத்தம் கேட்கும் தெரு. என் ஆயா வீட்டில் திண்ணை, நடை, நடுவில் முற்றம், பின்னால் இரண்டு அறைகள். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, 1958 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆகஸ்ட் பிறந்ததும் ஆயா பின்னறைகளைச் சாணம் போட்டு மெழுகி வைத்துவிடுவாள். வருஷா வருஷம் வரும் வங்காளக் குடும்பம் ஒன்று. நாளைக்கு ஒன்றரை ரூபாய். தண்ணீர் அவர்களே சேந்திக்கொள்ள வேண்டும். அந்த வீட்டுப் பெரியம்மா எனக்கு சந்தேஷ் கொடுப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. அவருக்குக் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும், நான் பிரெஞ்சு மீடியம். அதனால் நான்தான் துபாஷி.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆயா அந்தப் பணத்தை வருமானம் என்றே சொன்னதில்லை. 'தீபாவளிக் காசு' என்பாள். வந்தால் பட்டாசு, வராவிட்டால் இல்லை. அதை நம்பி அவள் கடன் வாங்கவில்லை, அதற்காக யாரையும் வீட்டை விட்டுக் காலி செய்யச் சொல்லவும் இல்லை. பின்னறை மீதி நாளெல்லாம் நெல் மூட்டைக்கும் பிரசவத்துக்கு வரும் அத்தைகளுக்கும் இருந்தது.

1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி மாற்றம். ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று சொல்ல வேண்டும். 'ஒப்சியோன்' என்ற அந்தச் சொல் எத்தனை குடும்பங்களைப் பிரித்தது என்று முன்பே எழுதியிருக்கிறேன். வீட்டு வாடகைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்த சொல்தாக்கள், அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் பாரிஸ் பக்கம் போனார்கள். பென்ஷன் பணத்தில் இங்கே வீடு கட்டினார்கள். ஜூலை ஆகஸ்டில் ஒரு மாதம், சிலர் கிறிஸ்துமஸ் பொங்கலுக்கு ஒரு மாதம் வருவார்கள். மற்ற பத்து மாதம் பூட்டு. ஊரில் குடியிருக்க வீடு கிடைக்காமல் ஜனம் அலையும்போது, தெருவுக்கு இரண்டு வீடு பூட்டிக் கிடக்கும். ஏன் வாடகைக்கு விடுவதில்லை என்று கேட்டால், "குடித்தனக்காரன் எழுந்திருக்க மாட்டான்" என்பார்கள். 1969-ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபின் அந்தப் பயம் இன்னும் இறுகிவிட்டது. காலி செய்ய வழக்குப் போட்டுப் பேரன் காலத்தில் தீர்ப்பு வந்த கதைகள் ஊரில் உலவின. பதினோரு மாத அக்ரிமெண்ட் என்ற வழக்கம் ஊன்றியதும் இப்படித்தான். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையானால் பதிவு செய்ய வேண்டும், பதினோரு மாதமென்றால் வேண்டாம். அந்தப் பத்திரங்களை என் ஆயுளில் எத்தனை பார்த்திருப்பேன்!

இந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் சீசன் குடித்தனக்காரர் வந்தார். வருவார், போய்விடுவார், வழக்குப் போட மாட்டார். வாடகை அதிகம் என்பதைவிட இதுதான் பல வீட்டுக்காரர்களுக்குப் பெரிய கவர்ச்சி.

1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் தொடக்க விழா. எனக்கு இருபது வயது. சைக்கிளில் போய்த் தூரத்தில் நின்று பார்த்தேன். செம்மண் பொட்டல், ஓர் ஆலமரம், வெயில். 124 நாட்டு மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் போட்டார்கள். இந்த மேட்டில் யார் வந்து குடியிருப்பார்கள் என்று நினைத்தேன். என் தீர்க்கதரிசனம் அவ்வளவுதான்.

முதல் இருபது வருஷம் அவர்களே கீற்றுக் கொட்டகையில்தான் இருந்தார்கள். குயிலாப்பாளையத்துக்காரர்கள் முந்திரியும் கம்பும் மணிலாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மெல்ல மெல்ல, டிசம்பரில் மழை விட்டதும் வந்து மார்ச்சில் வெயில் ஏறுமுன் கிளம்பும் வெள்ளைக்காரர்கள் கூடினார்கள். ஆரோவில் விடுதிகள் போதவில்லை. குயிலாப்பாளையத்திலும் முதலியார்சாவடியிலும் தளத்தின் மேல் கீற்றுக் கொட்டகை போட்டு, ஒரு பாய், ஒரு கொசுவலை, ஒரு வாளி வைத்து வாடகைக்கு விட்டார்கள். அடுத்த வருஷம் கீற்று போய் ஆஸ்பெஸ்டாஸ். அடுத்து மாடி. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை சீரானபின் சனி ஞாயிறுக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் முத்தியால்பேட்டை, அந்தப் பக்கம் கோட்டக்குப்பம். பிரெஞ்சு காலத்தில் சுங்கச் சாவடி நின்ற இடத்தைத் தாண்டினால் இப்போது ஸ்கூட்டர் வாடகைக்கு என்ற போர்டுதான் வரவேற்கிறது.

இனி என் கதை.

2008-ல் ஓய்வு பெற்றேன். கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன், லீவு சம்பளம் எல்லாம் சேர்த்துக் கையில் பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வங்கியில் போடு என்றாள் என் வீட்டம்மா. நான் கேட்கவில்லை. பெரிய முதலியார்சாவடியில் கடலிலிருந்து அரை மைலுக்குள், இரண்டு அறை, ஒரு கூடம், முன்னால் ஒரு மாமரம், தளம் போட்ட வீடு. பதினோரு லட்சம். குறைந்த பணத்துக்கு அவள் நகையைத்தான் அடகு வைத்தேன்.

வீட்டோடு ஒரு குடித்தனமும் வந்தது. தையல் வேலை செய்யும் கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். ஆறு வருஷமாக அங்கே இருக்கிறார்கள். வாடகை 3,500. ஐந்தாம் தேதி பிந்தியதில்லை. வாசலில் கோலம், மாமரத்துக்குத் தண்ணீர், எல்லாம் அந்த அம்மா பார்த்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் சீசனில் மாதம் பதினைந்தாயிரம் வாங்குகிறார் என்று தரகர் சொன்னார். நான்கு மாதத்தில் அறுபதாயிரம். தையல்காரர் பன்னிரண்டு மாதம் கொடுப்பது நாற்பத்திரண்டாயிரம். நான் இரவெல்லாம் இதை மனதில் போட்டுப் புரட்டினேன். 2009 ஏப்ரலில், பள்ளிக்கூடம் முடிந்ததும் காலி செய்துவிடுங்கள் என்று சொன்னேன். சட்டப்படி அவர்கள் எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம். அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், அரசாங்கக் குமாஸ்தாவாயிற்றே. "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, மாதக் கடைசியில் மிஷினை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரிய பெண் பத்தாம் வகுப்புக்குப் போக வேண்டியவள். அதே ஊரில் 3,500-க்கு வீடு கிடைக்கவில்லை. எல்லாரும் என்னைப் போலவே கணக்குப் போட்டிருந்தார்கள்.

கல்வே காலேஜில் படித்தபோது எங்கள் பிரெஞ்சுக் கணக்குப் புத்தகத்துக்கு வீட்டுக்காரர்கள் மேல் ஒரு மோகம். ஒரு மிசியே இன்ன விலைக்கு வீடு வாங்குகிறார், இன்ன வாடகைக்கு விடுகிறார், கூரை பழுதுக்கு இவ்வளவு, வரிக்கு இவ்வளவு, நிகர வருமானம் என்ன? 'ப்ரூத்' எவ்வளவு, 'நெத்' எவ்வளவு? கழிக்க மறந்தால் விரல் முட்டியில் அடி விழும். பத்து வயதில் அடி வாங்கிக் கற்ற கழித்தலை அறுபது வயதில் மறந்தேன்.

முதல் வருஷக் கணக்கு நோட்டு இன்னும் இருக்கிறது. அறுபதாயிரம் வரவு, சரிதான். நான்கு மாதமும் ஆள் இருந்தது. ஆனால் பெருக்கித் துடைத்து, பூட்டிய மாதங்களில் கதவு திறந்து காற்றுக் காட்ட ஒரு அம்மாவுக்கு மாதம் 1,500, வருஷத்துக்குப் பதினெட்டாயிரம். சீசனுக்கு முன் வெள்ளையடிக்க, உப்புக் காற்றில் இற்றுப்போன தாழ்ப்பாள், குழாய் மாற்ற ஒன்பதாயிரம். தரகருக்கு ஆறாயிரம். தண்ணீர் மோட்டார், கேபிள், பல்பு என்று மூவாயிரம். கையில் நின்றது இருபத்து நாலாயிரம். தையல்காரர் இருந்திருந்தால், வீட்டு வரியும் சில்லறைப் பழுதும் போக முப்பத்தொன்பதாயிரம் நின்றிருக்கும். கட்டில், மெத்தை, பிரிட்ஜ், ஏசி, காஸ் அடுப்பு என்று முதலிலேயே போட்ட ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. நகைக்கு வட்டியையும் சேர்க்கவில்லை. அதை வீட்டம்மா தனியாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் அந்த ஊரில் சம்பாதிக்கிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். யார் என்று பார்த்தேன். கீழே தாங்கள் குடியிருந்து மாடியை விடுகிறவர்கள். மருமகள் போர்வை துவைக்கிறாள், மாமியார் பெருக்குகிறாள், மகன் ஸ்கூட்டர் வாடகைக்குக் கொடுக்கிறான், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்தாலும் எழுந்து கதவு திறக்கிறார்கள். சீசன் வாடகை என்பது பெரும்பாலும் இந்த உழைப்புக்கு வரும் கூலிதான். பணம் மட்டும் போட்டுவிட்டு நான்கு மைலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிற என்னைப் போன்றவன் அந்தக் கூலியைத் தானும் வேறு ஆளுக்குக் கொடுக்கிறான். பிறகு மிச்சம் எங்கிருந்து வரும்?

காகித வேலையும் உண்டு. அப்போது வெளிநாட்டுக்காரர் தங்கினால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் சி படிவம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு தடவை நான் இரண்டு நாள் தாமதித்ததற்கு ஒரு இளம் அதிகாரி என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார். முப்பத்தைந்து வருஷம் மற்றவர்களை நிற்கவைத்தவன் நான், பேசாமல் நின்றேன்.

பிறகு இயற்கை. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது எனக்கு வீடு இல்லை. ஆனால் சீசன் நடுவில் கடலோரம் ஒரே நாளில் காலியானதைக் கண்ணால் பார்த்திருந்தேன், பார்த்தும்தான் வாங்கினேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. மாமரம் மதில்மேல் விழுந்தது. தண்ணீர்த் தொட்டி எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. ஜனவரி 2-ஆம் தேதி வர இருந்த பிரெஞ்சுத் தம்பதி, கரண்ட் எப்போது வரும் என்று கேட்டு எழுதினார்கள். தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். வரவில்லை. அந்த சீசன் சுத்தமாகப் போயிற்று, பழுதுக்கு நாற்பதாயிரம். 2016 நவம்பர் 8-ல் ஐந்நூறு, ஆயிரம் நோட்டுகள் செல்லாது என்றார்கள். வாடகை எல்லாம் ரொக்கமாக வாங்கும் தொழில், அதுவும் சீசன் துவங்கும் மாதம்.

கடற்கரை ஓரத்து வீடுகளுக்கு இன்னொரு வினையும் உண்டு. இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்குக் கல் கொட்டி அலைதடுப்பு கட்டிய பிறகு, அந்த மணல் வடக்கே வருவது தடைப்பட்டது. நம் ஊர்க் கடற்கரை போயிற்று. பிறகு அரிப்பு கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று நகர்ந்தது. மீனவர் வீடுகள் கடலுக்குள் போயின. 'கடல் பார்த்த வீடு' என்று விளம்பரம் செய்கிறவர்கள் கடலும் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. கடலோர ஒழுங்குமுறை விதி 1991-லிருந்து இருக்கிறது. அலை ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் எது கட்டினாலும் அனுமதியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் விடவில்லை என்று கேட்பீர்கள். நல்ல வருஷம் ஒன்று வந்தால் மூன்று கெட்ட வருஷங்கள் மறந்துவிடும். அதோடு, பிரெஞ்சு பேச ஆள் கிடைப்பது எனக்கு ஒரு சபலம். இதை வீட்டம்மா என்னைவிட முன்பே கண்டுபிடித்துவிட்டாள்.

2020 மார்ச்சில் விசாக்களை நிறுத்தினார்கள். 25-ஆம் தேதி முதல் ஊரடங்கு. என் வீட்டில் ஒரு பிரெஞ்சு அம்மையார், என் வயது இருக்கும், தனியாக மாட்டிக்கொண்டார். ஏப்ரலுக்குப் பாதி வாடகை கொடுத்தார், மேலே நான் கேட்கவில்லை. போனில் பேசிக்கொள்வோம். அடுப்பைப் பற்றவைத்து ரசம் வைப்பது எப்படி என்று வீட்டம்மா சொல்லச் சொல்ல நான் பிரெஞ்சில் பெயர்த்தேன். பெருங்காயத்துக்குப் பிரெஞ்சு தெரியாமல் 'வாசனையான பிசின்' என்றேன். பிறகு சிறப்பு விமானம் கிடைத்துப் போனார். அன்று பூட்டியது, ஒன்றரை வருஷம் திறக்கவில்லை. கரையான் ஒரு கட்டிலைத் தின்றுவிட்டது.

2021 கடைசியில் கட்டில், பிரிட்ஜ் எல்லாவற்றையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடத் தீர்மானித்தேன். முதலில் தையல்காரரைத் தேடிப் போனேன். சின்ன முதலியார்சாவடியில் விசாரித்தேன், வானூர் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். இதற்கு நடுவில் ஒரே ஒரு தடவை, 2013 இருக்கும், பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கும் இடத்தில் அந்த அம்மாவைப் பார்த்திருந்தேன். "நல்லா இருக்கீங்களா ஐயா? மாமரம் காய்க்குதா?" என்று கேட்டார். புயலில் விழுந்துவிட்டது என்றேன். "அடடா" என்றார். பெரிய பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. பத்தாவதோடு நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

இப்போது அந்த வீட்டில் பள்ளி வேன் ஓட்டுகிறவர் குடும்பம் இருக்கிறது. வாடகை 7,500. ஒரு மாதம் ஐந்தாம் தேதி வரும், ஒரு மாதம் பத்தாம் தேதி. பக்கத்தில் அதே மாதிரி வீட்டுக்கு சீசனில் முப்பதாயிரம் கொடுக்கிறார்கள் என்று தரகர் இன்னும் போன் செய்து சொல்கிறார். மதிலோரம் ஒரு மாங்கன்று வைத்திருக்கிறார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நண்பரின் மகன் போன் செய்தான். வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார்களாம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி மூன்றையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வா என்றேன். வரும்போது விற்கிறவரிடம் கேட்டு, கடந்த மூன்று வருஷத்தில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான கரண்ட் பில்லையும் வாங்கிக்கொண்டு வா, அந்த மாதங்களில் வீட்டில் விளக்கு எரிந்ததா என்று பார்த்துவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.